வன்னியில் கட்டடம் எழும்பியது, வாத்தியார் ஏன் தங்கவில்லை?

இந்தியாவின் சத்தீஸ்கரில் உள்ள பஸ்தார் போன்ற, மோதல் நடந்த பழங்குடிப் பகுதிகளில் கல்வியை மீளக் கட்டுவது பற்றி ஆராயும் ஒருவர் கேட்டிருக்கிறார்: இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் போர் முடிந்து பதினைந்து வருடங்களுக்கு மேலாகிறது, பள்ளிக்கூடங்களுக்கு மாடிக் கட்டடங்கள்கூட வந்துவிட்டன, பிறகும் ஏன் படிப்பு எழும்பச் சிரமப்படுகிறது? அங்கிருந்து மற்ற இடங்களுக்கு எடுத்துச் செல்ல ஏதும் உண்டா? நான் வன்னியில் கணிதம் படிப்பித்தவன். பிறகு ஆசிரிய ஆலோசகராகக் கல்வி வலயத்துக்குள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் திரிந்தவன். அதை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். பஸ்தாரில் வீட்டில் கோண்டி பேசிவிட்டு வருகிற பிள்ளை முதலாம் வகுப்பில் இந்திப் புத்தகத்தைத் திறக்கிறது. 2005இல் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரச ஆதரவோடு சல்வா ஜுடும் என்ற ஆயுத இயக்கம் தொடங்கிய பிறகு அங்கே ஊர் ஊராகச் சனம் வெளியேறியது. ஒரு பக்கம் மாவோயிஸ்டுகள் பள்ளிக்கூடங்களை உடைத்தார்கள், மறுபக்கம் படையினர் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள். படையினர் பள்ளிக்கூடங்களை விட்டு வெளியேற வேண்டும் என்று 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. ஊரில் பள்ளிக்கூடம் இல்லாமல் போன பிள்ளைகளுக்காக மூங்கில் தட்டியால் கட்டிய வதிவிடப் பள்ளிகள் வந்தன. அங்கே முதல் தடை மொழி. வன்னியில் அந்தத் தடை கிடையாது. பிள்ளை பேசுவதும் தமிழ், புத்தகமும் தமிழ், வாத்தியாரும் தமிழ், வலயக் கல்விப் பணிப்பாளரும் தமிழ். இலவசக் கல்வி 1945இலிருந்து இருக்கிறது, பாடநூல் இலவசம், சீருடைத் துணி இலவசம். இவ்வளவும் இருந்தும் எழும்பக் கஷ்டப்பட்டது என்றால், மொழியையும் காசையும் தாண்டி வேறு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம். என்னைக் கேட்டால், அது பிள்ளையின் ஊரிலேயே குடியிருக்கிற வாத்தியார். மற்றக் காரணங்களையும் சொல்கிறேன், ஆனால் எல்லாம் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

வன்னி என்று நாங்கள் சொல்வது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களையும் வவுனியா, மன்னாரின் பெரும்பகுதியையும். முள்ளியவளை, தண்ணீரூற்று, துணுக்காய் போன்ற பழைய ஊர்கள் உண்டு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வந்த குடியேற்றத் திட்டங்கள் உண்டு, விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் உண்டு. 1958, 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் ஊர்களும் உண்டு. ஆக, போர் வருவதற்கு முன்னரே எல்லா ஊரும் ஒரே நிலையில் இருக்கவில்லை. பழைய ஊரில் மூன்று தலைமுறை படித்த வீடு இருக்கும்; புது ஊரில் பெயர் எழுதத் தெரிந்த முதல் ஆள் அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.

போர்க்காலத்துப் பள்ளிக்கூடம் பற்றி வெளியில் உள்ள பலருக்குத் தெரியாத விஷயம், அது அரச பள்ளிக்கூடமாகவே ஓடியது என்பது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிதான், ஆனால் பாடத்திட்டமும் சம்பளமும் கொழும்பிலிருந்து. வினாத்தாளும் அங்கிருந்துதான் வரும், விடைத்தாள் திரும்பிப் போகும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து எதுவும் ஒழுங்காக உள்ளே வராது. ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் உயர்தரம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படித்தவர்கள் இன்றைக்கு டொக்டராக இருக்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வு சனத்தைச் சின்னாபின்னமாக்கியது, ஆனால் அதோடு சேர்ந்து நல்ல ஆசிரியர்களும் வன்னிக்கு வந்தார்கள். 1996இல் பெரும்பாலானோர் திரும்பிப் போனாலும் தங்கிவிட்டவர்கள் உண்டு. 1997இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய பிறகு பள்ளிக்கூடங்களே இடம்பெயர்ந்தன. ஒரு பள்ளிக்கூடக் காணிக்குள் இரண்டு பள்ளிக்கூடம், காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கிடுகுக் கொட்டில், மர நிழல், பக்கத்தில் பதுங்குகுழி. அப்போது ஆசிரியரும் பிள்ளையும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த கொட்டில் அவருடையது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கட்டடம் இல்லாத காலத்தில் படிப்பு ஏன் ஓடியது என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

அதுவும் 2006க்குப் பிறகு குலைந்தது. அந்த ஓகஸ்டில் கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 பாதை பூட்டப்பட்டது. அதே மாதம் 14ஆம் திகதி வள்ளிபுனத்தில் விமானக் குண்டுவீச்சில் பயிற்சிக்கு வந்திருந்த பாடசாலை மாணவிகள் ஐம்பதுக்கும் மேல் இறந்தார்கள். புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பும் இறுகியது. வீட்டுக்கு ஒருவர் என்றார்கள், பிறகு அதுவும் போதவில்லை. இதைச் சொல்லாமல் வன்னிக் கல்வியைப் பற்றி எழுதுவது நேர்மை இல்லை. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் ஒளித்து வைத்தார்கள். கல்யாணம் கட்டினால் விடுவார்கள் என்று பதினாறு, பதினேழு வயதில் கட்டி வைத்தார்கள். படிப்பில் கெட்டிக்காரியான பிள்ளை கழுத்தில் தாலியோடு கடைசி வாங்கில் வந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவளும் வரவில்லை. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்பது ஆஸ்பத்திரி. உடையார்கட்டிலும் புதுமாத்தளனிலும் பள்ளிக்கூடங்களில்தான் காயக்காரரைப் படுக்க வைத்தார்கள்.

மே மாதம் போர் முடிந்தபோது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள். முகாமின் வலயங்களுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சேர் பொன். இராமநாதன் சொந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டியவர். அவர் பெயரில் ஒரு முகாம். சரி, அதை விடுவோம். முகாமுக்குள் தரப்பாளுக்குக் கீழே வகுப்புத் தொடங்கியது முகாமில் இருந்த ஆசிரியர்களால்தான். தங்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அடுத்தவர் பிள்ளைக்கு அகரம் எழுதிக்கொடுத்தார்கள். 2009 ஓகஸ்டில் முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை நடந்தது. முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவுச் சனத்துக்குச் சொந்தக் காணி அப்போதும் கிடைக்கவில்லை, படையினர் இருந்ததால் வேறோரிடத்தில் குடியேற்றினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் என்ற ஒன்று எங்கே இருந்திருக்கும்?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மீள்குடியேற்றம் தொடங்கியபோது எல்லோரும் கணக்கெடுத்தது கூரை, கதவு, வாங்கு, மலசலகூடம். அவசியம்தான். கண்ணிவெடி அகற்றி, காணி துப்புரவாக்கி, சில வருடங்களுக்குள் பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன; அது சின்ன வேலை இல்லை. ஆனால் பிள்ளையின் தலைக்குள் விழுந்த இடைவெளியை யாரும் அளக்கவில்லை.

ஒரு உதாரணம் காட்டுகிறேன். 2010இல் தரம் 6இல் இருந்த பிள்ளை 2008இல் தரம் 4. அந்த வருடக் கடைசித் தவணை ஓட்டத்தில் போய்விட்டது. தரம் 5இன் பாதி வருடம் பதுங்குகுழியிலும் மிச்சம் முகாமிலும். பல பிள்ளைகளுக்குத் தரம் 3இலேயே பிசகு தொடங்கியிருக்கிறது, மன்னார்ப் பக்கத்துக்காரர் முதலில் இடம்பெயர்ந்தவர்கள். அந்தப் பிள்ளைகளிடம் 403இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னேன். வகுப்பில் பாதிக்கு மேல் 375 என்று எழுதினார்கள். பார்த்தால் கவனக்குறைவு போல இருக்கும். இல்லை. ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள்: 8இலிருந்து 3, 7இலிருந்து 0, 4இலிருந்து 1. பத்தைக் கடன் வாங்குவது என்ற ஒன்றே அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. அதைக் காட்டாத நாட்களில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் தரம் 6 பாடத்திட்டம் அவர்களுக்காக நிற்காது. தசமம் வந்தது, பின்னம் வந்தது, அடுத்த வருடம் அட்சரகணிதம். நாங்கள் பிள்ளையை வகுப்பேற்றிக்கொண்டே போனோம். 2015 டிசெம்பரில் அதே தொகுதி சாதாரண தரப் பரீட்சை (தரம் 11 முடிவில் வருவது) எழுதியது. வட மாகாணம் மாகாண வரிசையில் கடைசியில் நின்ற வருடங்களில் பத்திரிகைகள் ஆசிரியரைத் திட்டின, ஆசிரியர் பெற்றோரைத் திட்டினர், பெற்றோர் கைத்தொலைபேசியைத் திட்டினர். 375 பற்றி யாரும் பேசவில்லை.

ஈடுசெய் கற்பித்தல் என்று திட்டங்கள் வராமல் இல்லை. கையேடு வந்தது, செயலமர்வு நடந்தது, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் நன்றாக இருந்தது. ஆனால் ஒரு திட்டம் ஒன்பது மாதமோ ஒரு வருடமோ. நிதி முடிந்ததும் முடியும். பிள்ளைக்குத் தேவைப்பட்டது நாலு வருடம், பின்னேரத்தில், ஒரே ஆள். இன்னொன்று, இடைவெளி அந்தத் தொகுதியோடு போய்விடவில்லை. 2010இல் எனக்கு முன்னால் இருந்து 375 எழுதிய பிள்ளைகளில் பலர் இன்று தாய், தகப்பன். அவர்களின் பிள்ளை தரம் 1, 2 படிக்கிறது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் ஏன் என்று கேட்டீர்களே, பெரும்பகுதி விடை இங்கேதான் இருக்கிறது.

சரி, ஆசிரியர் விஷயம். 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. ஏ-9 கார்பெட் பாதையாகியது. இது நல்ல செய்தி இல்லை என்று யாராவது சொல்வார்களா? ஆனால் பாதை நன்றானதும் ஆசிரியர் வன்னியில் தங்க வேண்டிய தேவை போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் விடிய எழும்பி பஸ் பிடித்தால் கிளிநொச்சிக்கு நேரத்துக்கு வந்துவிடலாம். கிளிநொச்சி நகரத்துக்குச் சரி. அங்கிருந்து உள்ளே போகும் பஸ் அவர்களுக்காகக் காத்திருக்காது. ஆக, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் பாடவேளை கரைந்துபோகும். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும், ஒன்றே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலு மணிக்கு என்றால், கடைசிப் பாடவேளையில் ஆசிரியரின் கண் ஜன்னலுக்கு வெளியே. பின்தங்கிய பிள்ளையை இருத்திவைத்து ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுக்க யாருக்கும் வழியில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள், வயதான தாய் தகப்பன். கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு என்று கொடுப்பது பஸ் காசுக்கே காணாது. ஆசிரியர் விடுதி என்று கட்டியவற்றில் சிலதுக்குக் கதவு பூட்டாது, சிலதுக்குக் கிணறு இல்லை. தனியாக ஒரு இளம் ரீச்சர் அங்கே இரவு தங்குவாரா?

புது நியமனம் கிடைத்து வருகிறவர்கள் நிபந்தனைக் காலம் முடியும்வரை நாள் எண்ணுகிறார்கள். அதற்கிடையில் மருத்துவச் சான்றிதழ், கல்யாணம், அரசியல்வாதியின் கடிதம் என்று எத்தனையோ வழி. ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டியவரை "வன்னிக்குத் தூக்கிப் போடு" என்பது எங்கள் நிருவாகத்தில் பழகிப்போன பேச்சு. தண்டனைக்கு அனுப்பும் இடமாக ஒரு பிரதேசத்தை வைத்துக்கொண்டு அங்கே பெறுபேறு வரவில்லை என்று கூட்டம் போடுகிறோம். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் பற்றாக்குறை. சித்திர ரீச்சர் கணிதம் எடுத்த பள்ளிக்கூடங்களை நான் மேற்பார்வை செய்திருக்கிறேன். பாவம், அவ முயற்சி செய்தா.

இதற்குள் ஒரு பெரிய அநியாயம் தொண்டர் ஆசிரியர்களுக்கு நடந்தது. உயர்தரம் முடித்த ஊர்ப் பிள்ளைகள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள், இடப்பெயர்வுகளுக்கு நடுவில் சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு தொகைக்கோ, சும்மாவோ படிப்பித்தார்கள். போர் முடிந்து நிரந்தர நியமனம் என்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, தொடர்ந்து வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். வரவு இடாப்பும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் எங்கே? முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் எந்தப் பங்கருக்குள் கிடக்கின்றனவோ. சிலருக்கு அதிபர் கடிதம் கொடுத்தார், சிலருடைய அதிபரே உயிரோடு இல்லை. சிலருக்கு நியமனம் கிடைத்தது, பலர் வருடக்கணக்காகத் தெருவில் நின்றார்கள். ஊரிலேயே இருந்து, ஊர்ப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஆட்களைக் கையில் வைத்துக்கொண்டு, நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து ஆள் தேடினோம்.

வீட்டுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வருடத் தொடக்கத்தில் வகுப்பாசிரியர் மாணவர் விபரம் எடுப்பார். தந்தை பெயர், தந்தையின் தொழில். அந்தக் கட்டத்துக்கு வரும்போது நல்ல ரீச்சர் பிள்ளையிடம் கேட்கமாட்டா, படிவத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவா. ஏனென்றால் இறந்தவர் என்றும் எழுத முடியாது, இருக்கிறார் என்றும் எழுத முடியாது. காணாமல் போனவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்க மறுத்த தாய்மார் ஏராளம். 2016இல்தான் அதற்கு மாற்றாகக் காணாமை அத்தாட்சிப் பத்திரம் என்று சட்டம் வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரக் கொட்டிலில் உட்கார்ந்த தாய்மாரில் அம்மம்மாக்களும் உண்டு, பள்ளிக்கூடம் விட்டுப் பேரப்பிள்ளைகள் அங்கேயே வருவார்கள்.

தனியாகக் குடும்பம் நடத்தும் தாய்க்கு வேலை எது? வயல் கூலி, கச்சான் பிடுங்குவது, இல்லாவிட்டால் விடியற்காலையில் வரும் ஆடைத்தொழிற்சாலை பஸ். அம்மா ஐந்தரைக்குப் போனால் மூத்த பிள்ளை தம்பி தங்கைக்குத் தேத்தண்ணி வைத்து, தலை இழுத்துவிட்டு, பிறகு தானும் வெளிக்கிட வேண்டும். வீட்டுத்திட்டம் வந்தது, இந்திய வீட்டுத்திட்டம் உட்பட. ஐந்தரை லட்சம் ரூபா போதாமல் நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் பிறகு நுண்கடன் எடுத்தார்கள். கிழமைக் கடன் சேர்க்க வருகிற நாளில் அம்மா வீட்டில் இருக்கமாட்டா, பிள்ளையை வாசலில் நிறுத்திப் பொய் சொல்ல வைப்பா. அன்றைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. ஆண்பிள்ளை பதினாலு வயதில் மணல் உழவு இயந்திரத்துக்குப் போனால் ஒரு நாள் காசு கையில். அதைப் பார்த்தபின் "தம்பி, சாதாரண தரம் முக்கியம்" என்று நான் சொல்வதற்கு என்ன பெறுமதி?

மலையகத்திலிருந்து வந்தவர்களின் ஊர்கள் பற்றி யாழ்ப்பாணத்தவரும் வன்னியின் பழைய ஊர்க்காரரும் வெளிப்படையாகப் பேச விரும்பமாட்டார்கள். உங்கள் பழங்குடிப் பகுதிக்கு மிக நெருக்கமாக வன்னியில் ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த ஊர்கள்தான். பலருக்குக் காணிக்கு ஒழுங்கான உறுதி இல்லை, பெர்மிட் இல்லை; கூலியே வாழ்வு. அங்கே இருக்கிற பள்ளிக்கூடம் பெரும்பாலும் தரம் 5வரையோ 11வரையோ உள்ள சின்னப் பள்ளிக்கூடம். "அந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்" என்ற பேச்சை ஆசிரியர் அறையில் என் காதால் கேட்டிருக்கிறேன், சொன்னவர் கெட்ட மனிசரும் இல்லை. ஒரே மொழி பேசினாலும் பிள்ளையின் பேச்சு வழக்கைக் கேட்டுச் சிரிக்கிற வகுப்பறை பிள்ளையை வாய் மூட வைத்துவிடும். பஸ்தாரில் மொழியால் நடப்பது இங்கே சாதியாலும் ஊராலும் நடக்கிறது. மொழித் தடை இல்லை என்று மேலே சொன்னேன். அந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது முழுதாகச் சரியில்லை.

முன்பள்ளியையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவில் பல முன்பள்ளி ஆசிரியைகளை சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளத்துக்கு எடுத்தது. மாகாணத்தின் கீழ் இருந்தவர்களுக்குக் கிடைத்ததைவிட அந்தச் சம்பளம் மிக அதிகம். நாலு வயதுப் பிள்ளையின் படிப்பு பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருப்பதா என்று எதிர்த்தார்கள், நானும் அது பிழை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சம்பளத்தை வாங்கிய பிள்ளைகளைத் துரோகி என்றவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊருக்குள்ளேயே இருக்கும் ஒரு ஆசிரியைக்கு வாழக்கூடிய சம்பளத்தை எங்கள் மாகாணம் கொடுத்திருந்தால் அந்தக் கதையே வந்திராது.

மனக்காயம் பற்றி அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கலர்ப் பென்சில் கொடுத்து வரையச் சொன்னால் குண்டு போட்ட கிபிர் விமானம் வரைவார்கள், வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பிள்ளைக்கு அதைவிட உதவியது ஒழுங்காக அடிக்கும் பள்ளிக்கூட மணி என்று நினைக்கிறேன். ஆசிரியருக்கு என்ன நடந்தது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. காணாமல் போன மகனைத் தேடிக்கொண்டே ஓய்வு பெறும்வரை படிப்பித்தவர்கள் இருக்கிறார்கள். 2020 கொரோனாவும் 2022 பொருளாதார நெருக்கடியும் நாடு முழுதும் அடித்ததுதான். வன்னியில் சிக்னலுக்காகக் குளக்கட்டில் ஏறி நின்றார்கள் என்பது ஒரு வித்தியாசம், எண்ணெய் இல்லாமல் ஆசிரியர் வரவே இல்லை என்பது இன்னொன்று.

எழும்பவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன, 2016இலிருந்து ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது வீதம் திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டம், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற ஏற்பாட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் மருத்துவம், பொறியியல் போகிறார்கள். அந்த ஒதுக்கீட்டுக்காக வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளப் பார்ப்பவர்களும் உண்டு, அது வேறு கதை. இந்த ஏணியின் மேல் படிகள் பரவாயில்லை. கீழே முதல் ஐந்து படிகளில்தான் பிள்ளை விழுகிறது. ஆனால் காசும் கவனமும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்கக்கூடிய பத்துப் பிள்ளைகளுக்குப் போகிறது, மற்றவர்கள் வகுப்பில் வெறுமனே இருக்கிறார்கள்.

ஆகவே பஸ்தாரிலோ வேறெங்கோ வேலை செய்யப் போகிறவருக்கு நான் சொல்லக்கூடியது: முதலில் அந்த ஊரிலேயே பத்தாவது, பன்னிரண்டாவது படித்து நிற்கிற பிள்ளைகளைப் பிடியுங்கள். அவர்களுக்குத் தகுதி காணாது என்பார்கள். தகுதியை வேலையில் இருக்கும்போதே கொடுக்கலாம். வன்னியை எடுத்தால் வவுனியாவில் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி இருக்கிறது, விடுமுறைகளில் பயிற்சி கொடுப்பது முடியாத காரியம் இல்லை. அவர்களின் சேவையை எழுத்தில் பதிந்து, பிரதியை ஊருக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். வெளியிலிருந்து வருபவருக்கு மாடிக் கட்டடத்துக்கு முன்னரே கிணறும் பூட்டும் உள்ள விடுதி கட்டுங்கள். வகுப்பைத் தரத்தால் பிரிக்காமல் முதல் ஆறு மாதம் பிள்ளைக்குத் தெரிந்ததால் பிரியுங்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளை எட்டு வயதுப் பிள்ளையோடு கழித்தல் படிப்பதில் வெட்கம் வராத மாதிரி பின்னேரத்தில் செய்யுங்கள். வதிவிடப் பள்ளி பற்றி எனக்கு இரண்டு மனம். வன்னியில் சிறுவர் இல்லங்களில் இருந்து படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள் பலர். ஆனால் சாப்பாடும் பஸ்ஸும் கிடைக்கும் என்பதற்காகத் தாய் உயிரோடு இருக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதைப் பார்க்கும்போது, அந்தச் சாப்பாட்டை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்தால் என்ன என்று தோன்றும்.

வெளிநாட்டிலிருந்து உதவி செய்ய நினைத்து இதை வாசிப்பவர்களுக்கும் ஒன்று. புதுவருடத் தொடக்கத்தில் கொப்பியும் புத்தகப்பையும் எல்லோரும் கொடுக்கிறார்கள், ஒரே பிள்ளைக்கு மூன்று பை கிடைப்பதும் உண்டு. இரண்டாம் தவணை நடுவில் கொப்பி முடிந்திருக்கும், சப்பாத்து கிழிந்திருக்கும், அப்போது ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் அனுப்புங்கள், சப்பாத்தின் அளவை வகுப்பாசிரியரிடம் கேட்டு. கொஞ்சம் கூடுதலாக முடியுமென்றால், ஊருக்குள் இருக்கும் ஒரு பிள்ளைக்கு மாதச் சம்பளம் கொடுத்துத் தரம் 3, 4 பிள்ளைகளைப் பின்னேரத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்கு இல்லை, குறைந்தது நாலு வருடத்துக்கு. அவ்வளவு காலம் கொடுக்க முடியாவிட்டால் தொடங்காதீர்கள், சப்பாத்தோடு நிற்பது நல்லது.